வதனியின் கொப்பிகள் உனக்கு வராது

தம்பி,

உன் கடிதமும், அதற்குள் மடித்து வைத்த நான்கு அச்சுத் தாள்களும் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. நலமா என்று கேட்டுத் தொடங்கும் வரியை இதில் தேடாதே. நீ நலமாக இருக்கிறாய் என்பது அந்தத் தாள்களின் வழவழப்பிலேயே தெரிகிறது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதுமில்லை. கிளாலிக் கடலேரி கடந்து வவுனியா போய்ச் சேர்வதற்குள் எப்படியும் இரண்டு இடத்தில் பிரித்துப் படிப்பார்கள். அவர்கள் படிக்கமுன் நம் தோட்டக் கிணற்றின் பங்குக்காரர் ஏழு பேரையும் கூப்பிட்டு நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அவர்கள் அறியவேண்டிய என்னுடைய களவு ஒன்று இதில் இருக்கிறது. உன்னுடையதும் ஒன்று இருக்கிறது.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். "வதனி கிணத்துத் தண்ணியை அளந்து ஏதோ எழுதி வைச்சிருக்கிறாளாம். அந்தக் கொப்பியளை வாங்கி அனுப்புங்கோ ஐயா, என்ரை ஆராய்ச்சிக்கு உதவும். முன்னுரையிலை குடும்பத்தாருக்கு நன்றி எண்டு போடுவன்." உன் தங்கை நாலு வருடமாகப் பதினொரு கிணறுகளில் இறங்காத குறையாக நின்று எழுதியது உனக்கு 'ஏதோ'. அவளுக்குக் கிடைக்கப் போகும் பெயர் 'குடும்பத்தார்'. லண்டனில் இருந்துகொண்டு தண்ணீரின் உப்பை உணரும் கருவிகளுக்கு மின்சுற்று வரைகிற கெட்டிக்காரன் நீ. உன்னை இப்படி ஒரு வரி எழுதுகிறவனாக வளர்த்ததில் எனக்கும் பங்கு இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இல்லையென்றால் ஒரு தபாலட்டை போதும்.

நான் படித்தவன் இல்லை. சைக்கிள் கரியரில் சீத்தைத் துணி கட்டிக்கொண்டு அளவெட்டியிலிருந்து ஊர் ஊராகப் போய் விற்றவன். பிறகு சுன்னாகத்தில் ஒரு கதவு அகலத்தில் கடை எடுத்து, தண்ணீர் இறைக்கும் மெஷின்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் விற்றேன். வலிகாமத்தில் ஒரு காலத்தில் எந்தத் தோட்டத்தில் மெஷின் உறுமினாலும் அது என் கடையில் வாங்கியதா என்று சத்தத்திலேயே சொல்வேன். எனக்குத் தெரிந்தது ஒரு தொழில்தான். ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அது யார் செய்தது, மேலே ஒட்டியிருக்கிற லேபல் யாருடையது, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணால்தான் உன் நான்கு தாள்களையும் பார்த்தேன். அதற்கு வருகிறேன். முதலில் என் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றைச் சொல்லாமல் உன்னை ஏச எனக்கு வாய் வராது.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நீ பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து போட்டிருந்த உடுப்போடு கொழும்புக்கு ஓடி, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினாய். உன்னைக் கண்டதும் உன் அம்மா மயங்கி விழுந்தாள். அடுத்த வருடம் வதனிக்கும் பொறியியல் படிக்க இடம் கிடைத்து அழைப்பு வந்தது. அவள் எடுத்த புள்ளி உன்னுடையதைவிடக் கூட. நான் போகவேண்டாம் என்றேன். பயம் ஒரு காரணம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அமைதி திரும்பி, நீ மறுபடி படிக்கப் போனபோதும் அவளை விடவில்லையே. "வீட்டுக்கு ஒரு இஞ்சினியர் போதும்" என்று சொன்னேன். அவள் உன்னைப் பார்த்தாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். ஒரு சொல், ஒரே ஒரு சொல் நீ சொல்லியிருந்தால் நான் மாறியிருப்பேனோ தெரியாது. சொல்லிப் பார்த்திருக்கலாம். அந்தப் பிழையில் பெரிய பங்கு எனக்கு, சின்னப் பங்கு உனக்கு.

அடுத்தது எண்பத்தாறில் நடந்த பேச்சுக்கால். வதனிக்கு மல்லாகத்தில் சம்பந்தம் பேசி, எட்டுப் பரப்புத் தோட்டக்காணியும் கிணற்றில் நம் பங்கும், கிழமையில் இரண்டு நாள் இறைக்கிற முறையும் சீதனமாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். எதையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனிதர். காணி பார்க்க வருவதாகச் சொன்னார். கிணறு கெடத் தொடங்கிவிட்டது எனக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் இறைத்தால் வாய்க்காலில் வருகிற தண்ணீர் நாக்கில் கரிக்கும். ஆனால் மெஷினை நிறுத்தி வைத்தால் மழைத்தண்ணீர் மேலே மிதந்து நிற்கும், உவர் அடியில் கிடக்கும். அதனால் ஆறு நாள் ஒருவரையும் இறைக்க விடவில்லை. பங்குக்காரரிடம் மெஷின் பழுது, சாமான் வரவேண்டும் என்றேன். மெஷினுக்கு ஒன்றும் இல்லை. அவர்களுடைய வெங்காயம் வாடியது என் பொய்யால்தான் என்பதை, இதை வாசிக்கும்போது அந்த ஏழு பேருக்கும் சொல்கிறேன். அவர்களில் ஒருவரான செல்லையா அண்ணை என்ன சொல்வார் என்று இப்போதே காதில் கேட்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். தபால் அதிபர் வாளியில் ஒரு முறை அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். "நல்ல தண்ணி" என்றார். அந்த நேரம் பார்த்து நீ உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். சவர்க்காரப் பெட்டிக்குள் நீ கட்டிய மின்சுற்று, முகப்பில் உப்புக் கூடினால் எழும்புகிற ஒரு முள். அதிலிருந்து முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட வயர். வயரின் நுனியில் செத்த ரோச் லைற் பற்றறிகளிலிருந்து எடுத்த இரண்டு கரிக்குச்சிகள். உதென்ன தம்பி என்று அவர் கேட்டதுதான் தாமதம், உனக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஒரே பக்கமாக மின்சாரம் ஓடினால் குச்சியில் நுரை படிந்து பொய் சொல்லும், அதனால் திசை மாற்றி மாற்றி ஓடவைத்திருக்கிறேன் என்று வகுப்பு எடுத்தாய். வயரை இறக்கினாய். முதல் முடிச்சில் முள் கிடந்த இடத்தில் கிடந்தது. மூன்றாவதில் அசைந்தது. ஏழாவதில் எழும்பி மற்றப் பக்கம் போய் அடித்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"மேலைதான் நல்லது மாமா," என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். "அடியிலை முழுக்கச் சவர். ரெண்டு மணித்தியாலம் இறைச்சால் அதுதான் மேலை வரும். இன்னும் நாலைஞ்சு வரியத்திலை இந்தக் கிணறு முடிஞ்சுது."

தபால் அதிபர் மரியாதையான மனிதர். தேத்தண்ணீர் குடித்து, பலகாரம் சாப்பிட்டு, போயிட்டு வாறம் என்று எழும்பினார். எட்டாம் நாள் சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். அதற்கு முன் இரண்டு சாத்திரிமார் பொருந்துகிறது என்று சொன்ன சாதகம்.

நான் அன்று உன்னை என்ன ஏச்சு ஏசினேன் என்பது உனக்கு நினைவிருக்கும். அதில் பாதியை இன்று திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ சொன்னது உண்மை. நான் விற்கப் பார்த்தது பொய். ஆனால் மற்றப் பாதி அப்படியே இருக்கிறது. அந்தக் கிணற்றை நீ மூன்று மாதமாக அளந்துகொண்டிருந்தாய். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் எனக்குச் சொல்லியிருக்கலாம். வதனிக்குச் சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை, ஏனென்றால் எங்களுக்குச் சொன்னால் கைதட்டு வராது. முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நிற்கவேண்டும், முள் எழும்பவேண்டும், அவர்கள் வாயைப் பிளக்கவேண்டும். குசினி வாசலில் தட்டோடு நின்ற உன் தங்கையை நீ ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் உனக்கு அந்தச் சிரிப்பு வந்திராது. அடுத்த வருடம் லண்டனுக்குப் போனாய். பெட்டியை அலுமாரிக்கு மேல் விட்டுவிட்டுப் போனாய், இனி அதைவிட நல்லது செய்வேன் என்று.

அதை வதனி எடுத்தாள். ஏன் எடுத்தாய் என்று நான் பல வருடம் கேட்கவில்லை. போன மாதம்தான் கேட்டேன். "அண்ணை சொன்னது பொய் எண்டு காட்டத்தான் துவங்கினனான்," என்றாள். "காட்ட ஏலாமல் போச்சு."

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, ஏனென்றால் தெரிந்துகொள்ள நீ பாடுபடவில்லை. தொண்ணூறில் சண்டை மூண்டதோடு மின்சாரம் போனது. பற்றறி கொண்டுவரத் தடை. ஒரு பற்றறியை வைத்திருந்தால் பொன் வைத்திருக்கிற மாதிரி. உன் பெட்டி பற்றறி இல்லாமல் வெறும் பெட்டி. இங்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, றேடியோவில் செய்தி கேட்கப் பழகிவிட்டோம். வதனியும் டைனமோவைத்தான் பிடித்தாள். அது தானாகவே திசை மாற்றி மாற்றித்தான் மின்சாரம் தருமாம். நீ அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சுற்றின் வேலையை ஒரு சைக்கிள் சில்லு சும்மா செய்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஒரு கரைச்சல். உன் அம்மாதான் பெடலைக் கையால் சுற்றுவாள். அவள் கை ஒரு நேரம் வேகம், ஒரு நேரம் சோர்வு. முள் அதற்கேற்ப ஆடும். எதை நம்பி எழுதுவது?

இரண்டு கிழமை கழித்து அவள் ஒரு போத்தலோடு வந்தாள். மழைத்தண்ணீரில் அளந்து கரைத்த உப்பு, உள்ளே அதே மாதிரி இரண்டு கரிக்குச்சிகள், வாய் மெழுகால் அடைத்தது. அந்தப் போத்தலையும் கிணற்றுக்குள், வாய் திறந்த இன்னொரு போத்தலில் வைத்த மற்றக் குச்சிகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள், இரண்டும் ஒரே குளிரில் இருக்கவேண்டும் என்று. டைனமோவின் மின்சாரம் பாதி போத்தலுக்கு, பாதி கிணற்றுத் தண்ணீருக்கு. நடுவில் பழைய றேடியோவின் சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு, காதில் அதே றேடியோவின் காதுக்குழாய். இரைச்சல் கேட்கும். திருகைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரைச்சல் அடங்கிப்போகும். அந்த இடத்தின் எண்ணைத்தான் கொப்பியில் எழுதுவாள். அம்மா களைத்துப்போய் மெதுவாகச் சுற்றினாலும் இரைச்சல்தான் குறையும், அடங்குகிற இடம் மாறாது.

எனக்கு மின்சாரம் விளங்காது. ஆனால் இது விளங்கியது. உன் பெட்டி வில் தராசு. வில் தளர்ந்தால் நிறை பொய். அவள் செய்தது இரண்டு தட்டுத் தராசு. ஒரு தட்டில் படிக்கல், மற்றதில் சரக்கு. பிடிக்கிற கை நடுங்கினாலும் முள் நடுவில் நின்றால் நின்றதுதான். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவன் சொல்கிறேன், அதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டும்.

அவள் அதை உனக்கு எழுதினாள். மூன்று முறை எழுதினாள். முதல் கடிதத்தில் இரண்டாம் பக்கம் முழுக்கப் படம்: இரண்டு போத்தல் வடிவங்கள், திருகு, காதுக்குழாய், டைனமோ, ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி. அவள் கோடு போட என் கடை அடிமட்டத்தைத்தான் வாங்கிக்கொண்டு போனாள். எட்டு மாதம் கழித்து உன்னிடமிருந்து இரண்டு வரி வந்தது. டைனமோவில் வேகம் மாறும், கணக்கு நிற்காது. பற்றறி வரும்வரை பொறு. அவள் அந்த இரண்டு வரியையும் என்னிடம் காட்டிவிட்டு, "அண்ணை ரெண்டாம் பக்கம் திருப்பேல்லை" என்றாள்.

அவள் பொறுக்கவில்லை. சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் பதினொரு கிணறு. பொம்பர் விமானம் வந்தால் வாய்க்காலில் படுத்து, போனபின் எழும்பி அளந்தாள். ஒருமுறை வயரும் காதுக்குழாயுமாக நின்றவளை இயக்கத்து ஆட்கள் விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். யாருக்குச் செய்தி அனுப்புகிறாள் என்று கேள்வி. நான் ஓடிப் போனேன். போய்ப் பார்த்தால் விசாரித்தவன் காதுக்குழாயைத் தன் காதில் வைத்துக்கொண்டிருக்கிறான், இவள் அவனைக்கொண்டே பெடலைச் சுற்றவைத்துத் திருகைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். "இதிலை என்னத்தைக் கேக்கிறது?" என்றான். "உப்பை" என்றாள். அவன் தன் வீட்டுக் கிணற்றையும் அளந்து தரச் சொன்னான். அதுதான் பதினோராவது கிணறு.

அந்தக் கொப்பிகளில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அவற்றைப் பார்க்கப் போவதில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் மெஷின்கள் நின்ற காலத்தில் கிணறுகள் மெல்ல மெல்ல நல்ல தண்ணீராகின்றன. மண்ணெண்ணெய் கொஞ்சம் வந்து மெஷின் ஓடிய கிழமைகளில் திரும்பவும் கெடுகின்றன. ஒரு பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி கோடு ஏறி இறங்குகிறது. அதாவது நான் சைக்கிளில் தொடங்கி, கடை போட்டு, ஊர் ஊராக விற்ற ஒவ்வொரு மெஷினும் எதைச் செய்தது என்று என் மகள் எனக்கே எழுதிக் காட்டிவிட்டாள். அதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் பங்குக்காரரைக் கூப்பிட்டு, ஒரு முறைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இறைப்பதில்லை என்று தீர்மானித்தோம். செல்லையா அண்ணை, மெஷினை வித்தவனே நிப்பாட்டச் சொல்லுறான் என்று பகிடி பண்ணினார். ஆனால் நிற்பாட்டினார். நீ நாலைஞ்சு வருடம் என்று நாள் குறித்த கிணற்றில் இன்றைக்கும் வெங்காயத்துக்குத் தண்ணீர் போகிறது.

இனி உன் தாள்கள். கடையில் தனியே இருந்துதான் பிரித்தேன். உன் பெயரை ஆங்கிலத்தில் அச்சில் பார்த்ததும் மனம் குளிர்ந்தது, அதை ஒளிக்க மாட்டேன். பக்கத்தில் உன் பேராசிரியரின் பெயர். மூன்றாம் தாளில் ஒரு படம். கிணற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிற இரண்டு போத்தல்கள். ஒன்று வாய் அடைத்தது. மேலே ஒரு திருகு. ஒரு காதுக்குழாய். சைக்கிளுக்குப் பதிலாகக் கையால் சுற்றுகிற ஒரு பிடி. பற்றறி தேவையில்லாத புதிய ஏற்பாடு என்று உன் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறாய். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு தாளையும் சொல்சொல்லாகப் படித்தேன். ஒரு வதனியும் அதில் இல்லை.

நீ சொல்லப் போகிற பதில் எனக்குத் தெரியும். எனக்கே தோன்றியது, அவள் எழுதியதை மறந்துவிட்டேன் என்பாய். மறந்தும் இருக்கலாம். அடுத்தவனின் படிக்கல் தன் கடையில் எப்படி வந்தது என்று மறந்துபோன வியாபாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் அதைத் திருப்பிக் கொடுக்க மறந்ததற்காக வெட்கப்பட்டதில்லை. அப்படிப்பட்டவனோடு நான் பிறகு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டதுமில்லை. அந்தத் தாளுக்குச் சாட்சியாகத்தான் இப்போது அவளுடைய கொப்பிகளும் உனக்கு வேண்டும். தராசையும் எடுத்துக்கொண்டு, நிறுத்த கணக்கையும் கேட்கிறாய்.

நான் அதை அவளுக்குக் காட்டாமல் பதினொரு நாள் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். மகனல்லவா. இதே கையால்தான் அன்று ஆறு நாள் மெஷினை நிறுத்தி உவரை மறைத்தேன். மறைக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வேறு யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, அவளிடம் ரியூசன் படிக்க வந்த பிள்ளைகள் போனபின், கடிதத்தையும் தாள்களையும் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் மூன்றாம் தாளில் நெடுநேரம் நின்றாள். பிறகு, "அண்ணை போத்தலைக் கிட்டக் கட்டிப்போட்டார், ஒண்டின்ரை மின்சாரம் மற்றதிலை கசியும். ரெண்டு முழம் தள்ளவேணும்," என்றாள். நான் எதிர்பார்த்தது அழுகையை.

"கொப்பியளைக் கேக்கிறான்" என்றேன்.

"கொப்பி என்ரை. குடுக்கிறதெண்டால் நான் குடுப்பன்." தாளைத் திருப்பி அடிக்குறிப்பைப் பார்த்தாள். "இந்தப் பேராசிரியற்றை விலாசம் இதிலை கிடக்கு."

அன்றே எழுதினாள், ஆங்கிலத்தில், ஆறு பக்கம். எந்த வருடம் என்ன செய்தாள், எந்தக் கிணறு, எத்தனை முழம், உனக்கு எழுதிய முதல் கடிதத்தின் பிரதி, அந்தப் படம், நீ எழுதிய இரண்டு வரி. போத்தல்களுக்கிடையில் எவ்வளவு தூரம் விடவேண்டும் என்பதையும் அந்த மனிதருக்கு விளக்கியிருக்கிறாள். ஏழு பங்குக்காரரும் அவள் அளந்ததைக் கண்ணால் கண்டோம் என்று கீழே கையெழுத்து வைப்பார்கள், காணி உறுதிக்கு வைப்பதுபோல. எட்டாவது கையெழுத்து என்னுடையது. மகனுக்கு எதிராகச் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. போடுவேன்.

நான் அதை உடனே தபாலில் போடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அண்ணை தானே போய்ச் சொல்லட்டும். ஒரு மாதம் பாப்பம்," என்றாள். ஆகவே இந்தக் கடிதமும் அவளுடைய கடிதமும் ஒரே ஆளின் கையில் கொழும்புக்குப் போகின்றன. உன்னுடையது உடனே தபாலுக்குப் போகும். அவளுடையது அவர் வீட்டில் ஒரு மாதம் காத்திருக்கும். அதற்குள் உன் பேராசிரியரிடம் நீயாகப் போய் இது யார் செய்தது என்று சொல்லி, அந்தத் தாளை அச்சிட்டவர்களிடமும் அவள் பெயரைச் சேர்க்க எழுதிவிட்டு, கடிதத்தை வைத்திருக்கிற அந்தக் கொழும்பு ஆளுக்கு ஒரு தந்தி அடித்தால் அவளுடைய கடிதத்தைக் கிழித்துவிடுவார். விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. தந்தி வராவிட்டால் முப்பத்தோராம் நாள் அது தபால்பெட்டிக்குள் விழும்.

இந்த ஒரு மாதம் அவள் தந்தது. நானாக இருந்தால் ஒரு நாளும் தந்திருக்க மாட்டேன்.

ஐயா